மஞ்சளான இலை சொல்வது என்ன?

ஷா ஆலமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நான்காம் மாடியில் ஒரு வீடு. அதன் பால்கனியில் ஏழு பூச்சாடிகள். இரண்டில் மிளகாய், ஒன்றில் கத்தரி, ஒன்றில் வெண்டை, இரண்டில் கீரை, மூலையிலுள்ள பெரிய சாடியில் கறிவேப்பிலை. இந்தச் செடிகளை வளர்ப்பவர் அவ்வீட்டுப் பாட்டி. காலையில் தேநீர் அருந்திய கையோடு பால்கனிக்குச் சென்று, ஒவ்வொரு செடியையும் பார்த்துவிட்டு வருவது அவருடைய வழக்கம்.

ஒரு வாரமாக ஒரு மிளகாய்ச் செடி அவருக்குக் கவலை தருகிறது. அதன் அடி இலைகள் முதலில் வெளிறுகின்றன. பிறகு மஞ்சளாகி உதிர்கின்றன. பார்த்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்.

"தண்ணீர் போதவில்லை பாட்டி. காலையும் மாலையும் நன்றாக ஊற்றுங்கள்" என்கிறார் எதிர்வீட்டுப் பெண்.

"சத்து இல்லைம்மா. ஒரு கைப்பிடி உரம் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் மகன்.

"இது பூச்சி வேலை அக்கா. மருந்து அடித்தால்தான் போகும்" என்கிறார் கீழ்மாடியில் குடியிருக்கும் தம்பி முறை உறவினர்.

மூவரும் அன்போடுதான் சொல்கிறார்கள். மூவர் சொன்ன காரணங்களாலும் செடிகள் மஞ்சளாவது உண்டு. ஆனால், மூவருமே செய்யாத ஒன்று இருக்கிறது. ஒருவரும் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. மண்ணைத் தொட்டும் பார்க்கவில்லை.

இலை மஞ்சளாவது நோயன்று; நோயின் அறிகுறி. நமக்குக் காய்ச்சல் வருவதைப் போன்றது அது. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதால், மருத்துவர் முதலில் நம்மைச் சோதிக்கிறார்; பிறகே மருந்து தருகிறார். திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரமும் இந்த வரிசையைத்தான் வலியுறுத்துகிறது. நோய் எது என்று அறிய வேண்டும். அதன் காரணத்தை அறிய வேண்டும். அதைத் தணிக்கும் வழியை அறிய வேண்டும். பிறகுதான் செயலில் இறங்க வேண்டும். மனிதருக்குச் சொன்ன இந்த முறை, சாடியில் வளரும் செடிக்கும் பொருந்தும்.

தோட்டத்திலிருந்து பால்கனிக்கு

ஷா ஆலம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்று அழைக்கப்பட்டது. ரப்பரும் செம்பனையும் வளர்ந்த தோட்டப் பகுதி அது. 1974ஆம் ஆண்டு கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானதும், சிலாங்கூர் மாநிலத்துக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1978ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் ஷா ஆலம் அந்தத் தகுதியைப் பெற்றது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அது மாநகராகவும் அறிவிக்கப்பட்டது.

தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலர், லயன் வீடுகளின் பக்கத்திலேயே மிளகாய், கத்தரி, முருங்கை, கீரை முதலியவற்றைப் பயிரிட்டனர். தோட்டங்கள் நகரங்களாக மாறியபோது பல குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. காலடியில் இருந்த மண் போயிற்று. பயிரிடும் பழக்கம் மட்டும் போகவில்லை. அது சாடிக்குள் வந்து சேர்ந்தது.

வீட்டுத் தேவைக்கு வீட்டிலேயே பயிரிடுவது நம் நாட்டுக்கும் புதிதன்று. 1974ஆம் ஆண்டிலேயே, பிரதமர் துன் அப்துல் ரசாக் காலத்தில், 'பச்சைப் புத்தகத் திட்டம்' தொடங்கப்பட்டது. காலியாகக் கிடக்கும் நிலத்தில் உணவுப் பயிர் வளர்க்குமாறு மக்கள் ஊக்குவிக்கப்பட்டனர். இன்று காலி நிலம் குறைந்துவிட்டதால், பால்கனியும் வீட்டு வாசலும் அந்த இடத்தைப் பிடித்துள்ளன.

சாடி என்னும் சிறிய உலகம்

நிலத்தில் வளரும் செடிக்கும் சாடியில் வளரும் செடிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நிலத்தில் மேல்மண் காய்ந்தால் வேர் ஆழத்துக்குப் போய் நீரைத் தேடும். ஓரிடத்தில் சத்து குறைந்தால் வேறு பக்கம் பரவும். சாடியில் வேருக்குப் போக இடமில்லை. நாம் தருவதுதான் அதற்கு உணவு. நாம் செய்யும் தவற்றிலிருந்து அது தப்ப முடியாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை வேளைகளில் இடியுடன் கூடிய மழை அடிக்கடி கொட்டும். கூரையில்லாத இடத்தில் வைத்த சாடியில் அந்த மழைநீர் புகுந்து, அடித்துளை வழியாக வெளியேறும்போது, மண்ணிலுள்ள சத்துகளையும் கரைத்து எடுத்துச் செல்கிறது. குறிப்பாகத் தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் எளிதில் கரைந்து போய்விடும். கூரையுள்ள பால்கனியிலோ இதற்கு நேர்மாறான சிக்கல் எழலாம். அங்கு மழைநீர் படாததால், தொடர்ந்து இடும் உரத்தின் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். சாடியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் பொருக்கு அதன் அடையாளம்.

சாடி மண்ணும் கவனத்துக்குரியது. வெளியிலிருந்து தோண்டி வந்த செம்மண்ணை மட்டும் நிரப்பினால், சில வாரங்களில் அது செங்கல்லைப்போல் இறுகிவிடும். மேல்மண் மூன்று பங்கு, மட்கிய உரம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்று கலப்பது நம் நாட்டு நாற்றுப் பண்ணைகளில் பரவலான வழக்கம். மிளகாய், கத்தரி போன்றவற்றுக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள சாடி வேண்டும். கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும்.

சாடியின் அடியில் கற்களைப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில், நீர் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கற்களுக்குள் எளிதில் இறங்காது. கற்களுக்கு மேலேயே தேங்கி நிற்கும். அதனால் ஈர மண் வேருக்கு இன்னும் நெருக்கமாகிவிடுகிறது. கற்களைவிட நல்ல மண் கலவையும் அடைபடாத துளைகளுமே முக்கியம்.

மூன்று கேள்விகள்

மஞ்சளான செடியின் முன் நின்று நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்த இலை மஞ்சளாகிறது? எந்த விதமாக மஞ்சளாகிறது? இலையின் அடியிலும் மண்ணின் உள்ளேயும் என்ன இருக்கிறது?

முதல் கேள்வியின் பயனை அறிய, பச்சையத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். அதன் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு உள்ளது. அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. இவ்விரண்டில் எது குறைந்தாலும் செடியால் போதிய பச்சையத்தை உருவாக்க முடியாது.

பற்றாக்குறை வந்ததும் செடி ஒரு தாயைப் போல நடந்துகொள்கிறது. பழைய இலைகளில் இருக்கும் நைட்ரஜனையும் மக்னீசியத்தையும் எடுத்து, வளரும் தளிர்களுக்கு அனுப்பிவிடுகிறது. அதனால், இச்சத்துகள் குறையும்போது அடி இலைகளே முதலில் மஞ்சளாகின்றன. அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளிறினால், தழைச்சத்துக் குறைபாடாக இருக்கலாம். நரம்புகள் பச்சையாகவே இருக்க, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால், மக்னீசியக் குறைபாடாக இருக்கலாம். அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகி, பிறகு கருகினால், சாம்பல்சத்து எனப்படும் பொட்டாசியம் குறைந்திருக்கலாம்.

இரும்புச்சத்து அப்படிப்பட்டதன்று. செடி அதைப் பழைய இலையிலிருந்து எளிதில் எடுத்து அனுப்ப முடியாது. ஆகவே, இரும்புச்சத்து கிடைக்காதபோது புதிய தளிர்களே முதலில் வெளிறுகின்றன. நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். மண்ணில் இரும்பு இருந்தும்கூட இந்நிலை வரலாம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் ஓயாமல் ஈரமாக இருக்கும் மண்ணிலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. நன்றாக வளரும் செடியிலும் மிகப் பழைய இலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிரும். அது முதுமை, நோயன்று.

உரக்கடையில் பச்சை நிறக் குருணையாக விற்கப்படும் உரத்தின் பையில் 15:15:15 என்று அச்சிட்டிருப்பார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் விகிதம் அது. கீரை வகைகளுக்கு இது ஏற்றது. நீல நிறக் குருணையின் பையில் 12:12:17:2 என்றிருக்கும். இதில் சாம்பல்சத்து சற்று அதிகம். கடைசி எண் மக்னீசியத்தைக் குறிக்கும். பூத்துக் காய்க்கும் செடிகளுக்கு இது உதவும். எதுவானாலும், 30 சென்டிமீட்டர் சாடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். தண்டை ஒட்டிப் போடாமல் விளிம்போரமாகத் தூவி நீர் ஊற்ற வேண்டும். கைப்பிடியளவு உரம் சிறிய சாடியில் விழுந்தால், மண்ணில் உப்பு மிகுந்து, வேரிலுள்ள நீரையே வெளியே இழுத்துவிடும். இலையின் ஓரங்கள் கருகிச் செடி வாடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

நீரும் வெயிலும்

சாடிச் செடிகள் மஞ்சளாவதற்கு மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று, அளவுக்கு மீறிய நீர். வேரும் மூச்சு விடுகிறது. அதற்கு மண்ணின் இடைவெளிகளில் காற்று வேண்டும். அந்த இடைவெளிகளை நீரே எப்போதும் அடைத்துக்கொண்டால் வேர் அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் நீரையோ சத்தையோ உறிஞ்ச முடியாது. அதனால், மண் ஈரமாக இருந்தும் செடி தாகத்தால் வாடுவதுபோல் தலை சாய்ந்து நிற்கும். அதைக் கண்டு இரக்கப்பட்டு நாம் மேலும் நீர் ஊற்றுகிறோம். செடியின் கடைசி வேரும் அழுகிவிடுகிறது.

இதைத் தவிர்க்க ஓர் எளிய சோதனை உண்டு. விரலை இரண்டாம் கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று நீர் வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக நீர் வடியும்வரை நன்றாக ஊற்றுங்கள். ஐயம் தீரவில்லை என்றால் செடியை மெல்லச் சாய்த்து வேர்க்கட்டியை வெளியே எடுத்துப் பார்க்கலாம். வெண்மையாகவும் உறுதியாகவும் இருப்பது நல்ல வேர். பழுப்பாகி, குழைந்து, கெட்ட வாடை வீசுவது அழுகிய வேர்.

வெயிலும் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று. மிளகாய், கத்தரி, வெண்டை ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேர வெயில் தேவை. கீரைக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். போதிய ஒளி கிடைக்காத செடி, தண்டு நீண்டு, இலை வெளிறி, ஒரு பக்கமாகச் சாயும்.

ஷா ஆலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் உள்ளது. ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே இருக்கும். ஆகவே, வடக்கு நோக்கிய பால்கனியில் ஜூன் மாதம் செழித்திருந்த செடி, நவம்பரில் நிழலுக்குள் போய்விடக்கூடும். சாடியும் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை, சூரியனின் பாதைதான் மாறியது. இத்தகைய செடிக்கு உரம் தேவையில்லை, இடமாற்றம்தான் தேவை.

சில வேளைகளில் குறை செடியிலும் இல்லை, நம்மிடத்திலும் இல்லை, தட்பவெப்பத்தில் இருக்கும். கேமரன் மலையில் நன்றாகக் காய்க்கும் தக்காளி, ஷா ஆலமில் பூத்துப் பூத்து உதிர்வதைப் பலர் கண்டிருப்பர். இரவு குளிர்ச்சியாக இருந்தால்தான் பெரும்பாலான தக்காளி வகைகள் நன்றாகக் காய்பிடிக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் இரவு வெப்பம் அவற்றுக்கு ஒத்துவராது. வெப்பத்தைத் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுப்பதே அதற்கு வழி.

இலையைத் திருப்பிப் பார்ப்போம்

இனி மூன்றாம் கேள்விக்கு வருவோம். செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சிகளுள் பல, இலையின் மேற்பரப்பில் தங்குவதில்லை. வெயிலும் மழையும் படாத அடிப்பக்கமே அவற்றின் வீடு. அதனால்தான் இலையைத் திருப்பிப் பார்ப்பது அவ்வளவு முக்கியம்.

பச்சையாகவோ கறுப்பாகவோ கூட்டமாகத் தளிரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அவை அசுவினிகள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பெண் அசுவினி, ஆணின் துணையின்றியே குட்டிகளை ஈனும். அக்குட்டிகளும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தாமே குட்டி ஈனத் தொடங்கும். திங்கட்கிழமை பத்தாகத் தெரிந்தவை அடுத்த வாரம் நூற்றுக்கணக்கில் இருப்பதன் காரணம் இதுதான்.

செடியைத் தட்டியதும் மாவு தூவியதுபோல் பறப்பவை வெள்ளை ஈக்கள். கணுக்களில் பஞ்சுபோல் அப்பியிருப்பவை மாவுப்பூச்சிகள். இலையின் மேல் ஊசியால் குத்தியதுபோல் மஞ்சள் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால், அது சிலந்திப்பேன். கண்ணுக்கு எளிதில் புலப்படாத இதைக் காண, வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள். தாளில் விழும் தூசு நகர்ந்தால் அது பேன். மிளகாய்த் தளிர் மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேனும், கீழ்நோக்கி வளைந்து சுருண்டால் மஞ்சள் சிலந்திப்பேனும் காரணமாக இருக்கக்கூடும்.

சாடியின் மேல் எறும்புகள் வரிசையாக ஏறினால், அதுவும் ஒரு செய்தி. அசுவினியும் மாவுப்பூச்சியும் இனிப்பான கழிவைச் சுரக்கின்றன. அதை உண்ண வரும் எறும்புகள், அவற்றை மற்ற பூச்சிகளிடமிருந்து காக்கவும் செய்கின்றன. அந்த இனிப்பு இலையில் படிந்தால், அதன்மேல் கரிபோன்ற பூசணம் வளரும்.

கறிவேப்பிலைத் தளிரில், தலையைத் தாழ்த்தி வாலை உயர்த்தி அமர்ந்திருக்கும் சிறு பழுப்பு நிறப் பூச்சிகளையும் கவனியுங்கள். அவை எலுமிச்சை இனச் செடிகளுக்குத் தீராத மஞ்சள் நோயைப் பரப்ப வல்லவை. அருகில் கஸ்தூரி எலுமிச்சை வைத்திருப்பவர்கள் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும்.

ஆனால், செடியில் இருக்கும் பூச்சியெல்லாம் பகையன்று. பொறிவண்டு அசுவினிகளைத் தின்று செடியைக் காக்கிறது. அதன் புழு முதலைபோல் நீண்டு, கருநிறத்தில் ஆரஞ்சுப் புள்ளிகளுடன் இருக்கும். அதன் தோற்றத்தைக் கண்டு அஞ்சி, நண்பனையே நசுக்கிவிடுபவர்கள் உண்டு. அதே வேளையில், கத்தரி இலையைச் சல்லடைபோல் சுரண்டித் தின்னும் ஒரு வண்டும் பொறிவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மங்கிய பழுப்பு நிறமும் 28 கரும்புள்ளிகளும் அதன் அடையாளம். ஆகவே, உருவத்தை மட்டும் பார்க்காமல், அது என்ன தின்கிறது என்பதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்து தெளிக்கும் முன்

பூச்சி இருப்பது உறுதியானாலும் உடனே நஞ்சைத் தேட வேண்டியதில்லை. எளிய வழிகளிலிருந்து தொடங்க வேண்டும். முதலில், இலையின் அடிப்பக்கத்தில் நீரைப் பீய்ச்சி அடியுங்கள். அசுவினியும் சிலந்திப்பேனும் பெருமளவில் கழுவப்பட்டுவிடும். மாவுப்பூச்சியை ஈரத் துணியால் துடைத்தெடுக்கலாம். மிகவும் தாக்கப்பட்ட தளிரைக் கிள்ளி, பையில் கட்டி எறியலாம். வெள்ளை ஈயைப் பிடிக்க, பசை தடவிய மஞ்சள் அட்டையைத் தொங்கவிடலாம்.

இவை போதாவிட்டால் வேப்பெண்ணெய் உண்டு. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் நனையுமாறு தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, மறுநாள் அது கருகவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒருமுறை தெளித்தால் முட்டைகள் தப்பிவிடும். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிப்பது நல்லது.

கடையில் விற்கும் பூச்சிக்கொல்லியை நாடினால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நம் நாட்டில் இத்தகைய நஞ்சுகளின் விற்பனையும் பயன்பாடும் 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்க் கட்டுப்படுத்தப்படுகின்றன. பதிவு செய்யப்பட்ட மருந்தின் சிட்டையில் எந்தப் பயிருக்கு, எவ்வளவு, தெளித்த பின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்ற விவரங்கள் இருக்கும். அவற்றைப் படிக்காமல் தெளிப்பது, நாளைய குழம்பில் நஞ்சைக் கலப்பதற்கு ஒப்பாகும். சிட்டையில்லாத மருந்தை வாங்கவே கூடாது. மிச்சத்தைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

தோட்டங்களில் வேலை செய்த நம் பாட்டிமார் பலர், முதுகில் தெளிப்பானைச் சுமந்து களைக்கொல்லி தெளித்தவர்கள். அவர்கள் காலத்தில் பரவலாகப் புழங்கிய பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி, நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. திறந்த வெளியில் தெளிப்பதற்கே இவ்வளவு கட்டுப்பாடு தேவையென்றால், துணி காயும், குழந்தை விளையாடும் பால்கனியில் தெளிப்பதற்கு எவ்வளவு கவனம் தேவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

காப்பாற்ற முடியாத செடி

சில நோய்களுக்கு மருந்தே இல்லை. இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, தளிர் சுருங்கி, செடி குட்டையாகிப்போனால், அது நச்சுயிரி நோயாக இருக்கலாம். வெண்டையின் நரம்புகள் மட்டும் வலைபோல் மஞ்சளாகும் நோய் இந்தியாவில் 1924ஆம் ஆண்டிலேயே பதிவு செய்யப்பட்டது. அதைப் பரப்புவது வெள்ளை ஈ. மிளகாயிலும் இலை மஞ்சளாகிச் சுருளும் நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. இந்நோய் உறுதியானால் அந்தச் செடியை வேரோடு அகற்றுவதே நல்லது. வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால், ஒரு செடியின்மேல் கொண்ட பாசத்தால் மற்ற ஆறு செடிகளையும் இழந்துவிடக் கூடாது. ஐயம் இருந்தால், நோயுற்ற இலையின் தெளிவான படத்தோடு மாவட்ட விவசாய அலுவலகத்தை அணுகிக் கேட்கலாம்.

பாட்டியின் மிளகாய்ச் செடி

இப்போது நான்காம் மாடிக்குத் திரும்புவோம். பள்ளி முடிந்து வந்த பேத்தி, மூன்று கேள்விகளோடு செடியின் முன் அமர்கிறாள். எந்த இலை? அடி இலைகள். எந்த விதம்? முழு இலையும் ஒரே சீராக. தழைச்சத்துக் குறைவோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஆனாலும் அவள் அத்தோடு நிற்கவில்லை. இலையைத் திருப்புகிறாள், ஒரு பூச்சியும் இல்லை. விரலை மண்ணுக்குள் விடுகிறாள், சேறுபோல் ஈரம். சாடியைத் தூக்கினால், அடியிலுள்ள தட்டு நிறைய நீர். துளைகள் இரண்டையும் வேர் அடைத்திருக்கிறது.

"பாட்டி, இதற்குத் தாகம் இல்லை. இது மூச்சுத் திணறுகிறது" என்கிறாள் அவள்.

தட்டில் தேங்கிய நீரை உற்றுப் பார்த்தால் இன்னோர் ஆபத்தும் தெரிகிறது. அதில் கொசுப்புழுக்கள் நெளிகின்றன. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, இப்படிப்பட்ட தெளிந்த, தேங்கிய நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரமே போதும். நாட்டிலேயே டிங்கி நோயாளிகள் மிக அதிகமாகப் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். செடியின் வேரை அழுகவைத்த அதே நீர், வீட்டிலுள்ளவர்களையும் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கக்கூடும்.

பேத்தி தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். துளைகளின் அடைப்பை நீக்குகிறாள். பாட்டி அழுகிய வேர்களை நறுக்கிவிட்டு, மணலும் மட்கிய உரமும் கலந்த புதிய மண்ணில் செடியை நடுகிறார். சில நாள் அது நிழலில் இருக்கட்டும் என்கிறார். புதிய தளிர் வரும்வரை உரம் வேண்டாம் என்றும் முடிவாகிறது. உதிர்ந்த இலைகள் திரும்ப வரமாட்டா. ஆனால், நல்ல வேர் சிறிதேனும் மிஞ்சியிருந்தால், இரண்டு மூன்று வாரங்களில் நுனியில் பச்சைத் தளிர் எட்டிப் பார்க்கும்.

மூவர் சொன்ன யோசனைகளை எண்ணிப் பாருங்கள். கூடுதல் நீர், எஞ்சிய வேரையும் அழுகவைத்திருக்கும். ஒரு கைப்பிடி உரம், புண்பட்ட வேரைக் கருக்கியிருக்கும். பூச்சி மருந்து, இல்லாத பூச்சியைத் தேடி, பக்கத்துச் சாடியிலிருந்த பொறிவண்டைக் கொன்றிருக்கும். தேவைப்பட்டதோ ஒரு தட்டைக் கவிழ்ப்பது மட்டுமே. அதை அறிந்துகொள்ள ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் போதுமானதாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு செடி மஞ்சளாகியிருக்கலாம். இன்று மாலை அதன் அருகில் சென்று அமருங்கள். தண்ணீர்க் குவளையும் உரப்பையும் தெளிப்பானும் சற்று நேரம் காத்திருக்கட்டும். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். மண்ணைத் தொட்டுப் பாருங்கள். தட்டைத் தூக்கிப் பாருங்கள். கண்டதை ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை இலை மஞ்சளாகும்போது, அக்கம்பக்கத்தார் முதலில் உங்களிடம்தான் வந்து கேட்பார்கள்.